சோங் காலத்துச் சீனாவைப் படிக்கத் தொடங்குவது எப்படி?

சீன வரலாறு படிக்க ஆசைப்பட்டு, முதல் வேலையாக அரச மரபுகளின் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன். ஷாங், ஜோவ், சின், ஹான் என்று மனப்பாடம் செய்துகொண்டே வந்து, "ஐந்து மரபுகளும் பத்து அரசுகளும்" என்ற அத்தியாயத்தில் புத்தகத்தை மூடி வைத்தேன். ஒரு முறை இல்லை, மூன்று முறை. நான்காவது முறை பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓர் ஓவியத்திலிருந்து தொடங்கினேன். அப்புறம்தான் வண்டி நகர்ந்தது.

இது புதிதாக வருபவர்களுக்கான வழி. எடுத்துக்கொள்வது சோங் காலம், அதாவது 960 முதல் 1279 வரை. மூன்றாம் இராஜேந்திரனோடு சோழர் ஆட்சி முடிந்ததும் 1279-இல்தான் என்பார்கள். தற்செயல்தான், ஆனால் ஆண்டை மறக்க விடாது.

முதலில் இரண்டே வரைபடங்கள்

ஒரு வெள்ளைத்தாளில் கையாலேயே வரையுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. மேலே 1080 என்று எழுதிக்கொள்ளுங்கள்.

நடுவில் சோங். தலைநகர் கைஃபெங். வடக்கே கித்தான்களின் லியாவ் பேரரசு. (கித்தான் என்றால் நமக்குக் கூடாரத் துணி. இவர்களும் கூடாரத்தில் வாழ்ந்து பழகியவர்கள்தான், அப்படியே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.) இன்றைய பெய்ஜிங் அப்போது லியாவின் ஐந்து தலைநகரங்களில் ஒன்று. வடமேற்கில் தாங்குத் மக்களின் ஷி ஷியா. தென்மேற்கில், இன்றைய யுன்னானில், தாலி அரசு. தெற்கே, இன்றைய ஹனோயைத் தலைநகராகக் கொண்ட தாய் வியட். கிழக்கே கொரியத் தீபகற்பத்தில் கொர்யோ. கடலுக்கு அப்பால் ஜப்பான்.

இப்போது தாளைத் திருப்பி 1150 என்று எழுதுங்கள். லியாவ் இல்லை, 1125-இலேயே போய்விட்டது. அந்த இடத்தில் ஜுர்சென்களின் ஜின் பேரரசு. அவர்கள் 1127-இல் கைஃபெங்கைப் பிடித்து, ஓய்வு பெற்ற பேரரசரையும் ஆட்சியில் இருந்த அவர் மகனையும் சேர்த்தே சிறைபிடித்துக்கொண்டு போனார்கள். சோங்கின் வட எல்லை ஹுவாய் ஆறு வரை இறங்கிவிட்டது, தலைநகர் ஹாங்ஜோ. முன்பக்கம் இருப்பது வட சோங், பின்பக்கம் இருப்பது தென் சோங். ஆரம்பத்துக்கு இது போதும்.

வரையும்போதே ஒன்று கண்ணில் படும். "சீனப் பேரரசு" என்று ஒற்றையாகச் சொல்ல இங்கே இடமே இல்லை. தன்னைப் பேரரசர் என்று சொல்லிக்கொண்டவர் சோங் அரசவையில் ஒருவர், லியாவில் ஒருவர், 1038 முதல் ஷி ஷியாவிலும் ஒருவர். பெருஞ்சுவர் எங்கே என்று தேடாதீர்கள். அதை ஒட்டிய பதினாறு நிர்வாக வட்டங்கள் சோங் பிறப்பதற்கு முன்பே, 938-இல், கித்தான்களின் கைக்குப் போய்விட்டன. வட சோங்கின் பாதுகாப்புக் கவலைகளில் பெரும்பகுதி அங்கிருந்து தொடங்குகிறது. அரண் கிடையாது, நல்ல குதிரை வளர்க்கும் மேய்ச்சல் நிலமும் கையில் இல்லை.

பெயர்களைக் கண்டு ஓடாமலிருக்க

பெரும்பாலானவர்கள் ஓடிப்போவது இந்த இடத்தில்தான்.

தமிழில் சுங், சாங், சொங், சோங் என்று நான்கு விதமாக எழுதினாலும் ஆள் ஒன்றுதான். ஆனால் "ஷாங்" வேறு, அது இரண்டாயிரம் ஆண்டு முந்தையது. தமிழில் "ஜின்" என்று எழுதப்படும் மரபுகள் ஒன்றுக்கு மேல் உண்டு. சீனத்தில் வேறு வேறு எழுத்து, நமக்கு எல்லாம் ஒன்று. அதனால் குறிப்பேட்டில் "ஜுர்சென் ஜின்" என்று முழுப்பெயராகவே எழுதுங்கள். ரோமன் எழுத்தில் படிக்கும்போது 'க்யூ' வந்தால் 'ச்ச', 'எக்ஸ்' வந்தால் 'ஷ', 'இசட்'டும் 'எச்'சும் சேர்ந்து வந்தால் 'ஜ' என்று ஏறக்குறைய வாசிக்கலாம். சுவான்ஜோ துறைமுகத்தை நான் பல மாதம் "குவான்சூ" என்றே படித்துக்கொண்டிருந்தேன்.

குடும்பப் பெயர் முன்னால் வரும். படித்தவர் ஒருவருக்கு மூன்று பெயர்கூட இருக்கும். சூ ஷி, சூ ஜிஜான், சூ தொங்போ மூவரும் ஒரே கவிஞர். பேரரசர்களின் கதை இன்னும் வேடிக்கை. ஜென்ஜோங், ரென்ஜோங், ஹுய்ஜோங் என்று நாம் படிப்பதெல்லாம் அவர்கள் இறந்த பின் முன்னோர் கோயிலில் வைப்பதற்காகச் சூட்டிய பெயர்கள். உயிரோடு இருந்தபோது யாரும் அப்படி அழைக்கவில்லை. ஆட்சி ஆண்டுகளுக்குத் தனியாக ஒரு பெயர் உண்டு, அதை நடுவழியில் மாற்றவும் செய்வார்கள். ரென்ஜோங் தன் 41 ஆண்டு ஆட்சியில் ஒன்பது பெயர் வைத்தார். இது வெறும் சுமை என்று நினைத்துவிடாதீர்கள். சதுர ஓட்டை போட்ட சோங் செப்புக் காசில் பொறித்திருப்பது பெரும்பாலும் அந்த ஆட்சிப் பெயர்தான், அதை வைத்துக் காசின் காலத்தைச் சொல்லிவிடலாம்.

இன்னொரு வழுக்கல், நாட்காட்டி. சீன ஆண்டின் கடைசி மாதம் நம்முடைய ஜனவரியில் விழும். அதனால்தான் சோங்கும் லியாவும் செய்துகொண்ட சான்யுவான் உடன்படிக்கைக்கு ஒரு புத்தகம் 1004 என்றும் இன்னொன்று 1005 என்றும் போடும். இரண்டையும் திட்டவேண்டாம்.

ஓவியத்தை வலமிருந்து இடமாகப் பாருங்கள்

ஜாங் செதுவான் வரைந்த "சிங்மிங் நாளில் ஆற்றங்கரை ஓரமாக" என்ற பட்டுச் சுருளோவியம் 25 செ.மீ. உயரம்கூட இல்லை. நீளம் மட்டும் 5 மீட்டரைத் தாண்டும். பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெரிய அளவுப் படங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

ஆனால் எதைத் திறக்கிறீர்கள் என்று பார்த்துத் திறங்கள். இதே பெயரில் பிற்காலப் பிரதிகள் ஏராளம். தேடினால் முதலில் கண்ணைப் பறிப்பது பளிச்சென்று பச்சையும் நீலமுமாக இருக்கும் ஒன்று. அது 1736-இல் சிங் அரசவை ஓவியர்கள் ஐவர் சேர்ந்து வரைந்தது, தைப்பேயில் இருக்கிறது. அதைப் பார்த்துப் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்து, "சோங் காலத்து வீடுகள்" என்று தலைப்பும் போட்டு வைத்த புண்ணியவான் நான். அடையாளம் காண எளிய வழி, நடுவில் உள்ள பாலம். கல் பாலமாக இருந்தால் சிங் பிரதி. தூணே இல்லாமல் மரக்கட்டைகளைப் பின்னி வளைத்து நிறுத்திய பாலமாக, படமே வெளிறிய பழுப்பாக இருந்தால் நீங்கள் சரியான இடத்தில் இருக்கிறீர்கள்.

வலது ஓரத்திலிருந்து தொடங்குங்கள். சுமை ஏற்றிய கழுதைகள் ஊரை நோக்கி வருகின்றன. பிறகு ஆறு, கரையோரம் தானியப் படகுகள். இது பியன் ஆறு. தெற்கிலிருந்து ஆண்டுக்கு 60 லட்சம் ஷி (அக்காலத் தானிய அளவு) தானியம் இதன் வழியாகத் தலைநகருக்கு வரவேண்டும் என்பது அரசின் கணக்கு. கைஃபெங்குக்கு இந்த ஆறுதான் உணவுக் குழாய். இதை மனதில் வைத்துக்கொண்டு பாலத்துக்கு வந்தால்தான் அங்கே நடக்கும் கலவரம் புரியும்.

பாலத்தடியில் ஒரு பெரிய படகு கட்டுக்கடங்காமல் வந்துகொண்டிருக்கிறது. பாய்மரம் இன்னும் முழுக்க இறங்கவில்லை, அப்படியே போனால் பாலத்தில் இடிக்கும். படகின் கூரைமேல் ஏறி நின்று கைநீட்டிக் கத்துகிறார்கள், ஒருவர் கழியால் உந்துகிறார், பாலத்திலிருந்து கயிறு வீசுகிறார்கள். கைப்பிடிச் சுவரில் தொங்கிக்கொண்டு வேடிக்கை பார்ப்பவர்கள் ஒரு கூட்டம், ஆளுக்கொரு யோசனை சொல்வது போலவே இருக்கிறது. பாலத்தின் மேலோ கடைக்காரர்கள் வழியை அடைத்துப் பந்தல் போட்டிருக்கிறார்கள். இந்த ஒரு இடத்தில் கால்மணி நேரம் செலவழியுங்கள். 900 ஆண்டுக்கு முந்தைய போக்குவரத்து நெரிசல்.

பிறகு நகர வாயில், அதன் வழியே நடக்கும் ஒட்டகங்கள், உள்ளே கடைத்தெரு. உணவு விடுதிகளின் முகப்பில் கழி கட்டி உயர்த்திய அலங்கார வளைவுகளைப் பாருங்கள். முந்தைய தாங் காலத் தலைநகரில் பேட்டைக்குப் பேட்டை மதில், இரவானால் ஊரடங்கு, கடை போட ஒதுக்கிய சந்தை மட்டும். கைஃபெங்கில் அந்த மதில்கள் விழுந்து, கடைகள் தெருவுக்கே வந்துவிட்டன. நகரம் பறிபோன பின் தெற்கே தப்பி வந்த மெங் யுவான்லாவ் என்பவர் 1147-இல் முன்னுரை எழுதி முடித்த நினைவுக் குறிப்பில், இரவுச் சந்தை நள்ளிரவு தாண்டி நடந்து, விடியுமுன் மறுபடி திறந்துவிடும் என்கிறார். தெருவுக்குத் தெரு என்ன தின்பண்டம் கிடைத்தது என்று அவர் அடுக்குவதைப் படித்தால், ஊரை இழந்தவரின் பசி அது என்று தெரியும்.

அதே ஊரில் வாழ்ந்த ஒரு குரல்

லீ சிங்ஜாவ் கவிஞர். கணவர் ஜாவ் மிங்செங் பழைய செப்புக் கலங்களிலும் கல்லிலும் உள்ள எழுத்துகளைப் படியெடுத்துத் திரட்டியவர். அவர் தொகுத்த நூலுக்கு, அவர் இறந்தபின் லீ சிங்ஜாவ் ஒரு பின்னுரை எழுதினார். மொழிபெயர்ப்பில் சில பக்கங்கள்தான். வட சோங்கின் வீழ்ச்சியைப் பற்றி ஐந்நூறு பக்க வரலாற்று நூல் வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

1101-இல் திருமணம். கணவர் அப்போது மாணவர், கையில் காசில்லை. துணியை அடகு வைத்து 500 காசு தேற்றி, கைஃபெங்கின் ஷியாங்குவோ கோயில் சந்தைக்குப் போய்க் கல்வெட்டுப் படிகளும் கொஞ்சம் பழமும் வாங்கி வருவார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பழத்தைக் கொறித்துக்கொண்டே படியைப் படிப்பார்கள். பிறகு சிங்ஜோவில் வாழ்ந்தபோது சாப்பிட்ட பின் ஒரு விளையாட்டு. இன்ன செய்தி எந்த நூலில், எந்தப் பாகத்தில், எந்தப் பக்கத்தில், எத்தனையாவது வரியில் என்று சரியாகச் சொல்பவர் முதலில் தேநீர் குடிக்கலாம். ஜெயித்த சிரிப்பில் கோப்பை கவிழ்ந்து மடியில் கொட்டி, கடைசியில் குடிக்கவே முடியாமல் போகும் என்கிறார்.

1127-இல் ஓட வேண்டி வந்தது. கனமான அச்சுப் புத்தகங்களை முதலில் கழித்தார்கள், பிறகு பல துண்டாக உள்ள ஓவியங்களை, பிறகு எழுத்துப் பொறிக்காத பழங்கலங்களை. கழித்துக் கழித்தும் மிஞ்சியது 15 வண்டி. விட்டுவிட்டுப் போன பத்துக்கு மேற்பட்ட அறைகளின் சரக்கு எரிந்தது. வண்டியில் ஏறியதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. கணவர் 1129-இல் இறந்தார். உங்கள் வரைபடத்தாளைத் திருப்பும் இடம் இதுதான்.

ஒரு கருவியை உங்கள் வீட்டிலேயே செய்து பாருங்கள்

"அச்சு, வெடிமருந்து, திசைகாட்டி" என்று மூன்றையும் ஒரே மூச்சில் ஒப்பிப்பதால் ஒன்றும் விளங்காது. வெடிமருந்தின் செய்முறைகள் 1044-ஆம் ஆண்டு ராணுவக் கையேட்டிலேயே இருக்கின்றன. அதை வீட்டில் செய்ய வேண்டாம். ஷென் குவோவின் ஊசியைச் செய்யலாம்.

ஷென் குவோ அதிகாரி. 1075-இல் லியாவுக்குத் தூது போய் எல்லை வழக்குப் பேசியவர். பதவி போன பின் எழுதிய குறிப்புகளில், காந்தக் கல்லில் தேய்த்த ஊசியை நிறுத்த நான்கு வழி சொல்கிறார். நீரில் மிதக்கவிடலாம், ஆடிக்கொண்டே இருக்கும். விரல் நகத்தின் மேலோ கிண்ண விளிம்பிலோ வைக்கலாம், நன்றாகச் சுழலும், ஆனால் வழுக்கி விழும். எல்லாவற்றிலும் நல்ல வழி, புதுப் பட்டின் ஒற்றை இழையை ஊசியின் நடுவில் கடுகளவு மெழுகால் ஒட்டித் தொங்கவிடுவது. காற்றில்லாத இடம் வேண்டும். தையல் ஊசியும், ஒரே திசையில் தேய்க்க ஒரு காந்தமும், பிரித்தெடுத்த நூலிழையும் இருந்தால் பத்து நிமிட வேலை. மின்விசிறியை அணைத்துவிடுங்கள். நான் மூன்று முறை கண்ட திசையையும் காட்டுகிறது என்று சலித்து, அப்புறம்தான் பக்கத்தில் இரும்பு பீரோ இருப்பதைப் பார்த்தேன்.

ஊசி நேர் தெற்கைக் காட்டாமல் சற்றுக் கிழக்கே ஒதுங்கி நிற்கிறது என்றும் அவர் எழுதிவைத்தார். நம் ஊரில் அந்த விலகல் மிகச் சிறிது, வெறும் கண்ணுக்குப் பிடிபடாது.

பி ஷெங் என்ற சாமானியர் 1040-களில் களிமண்ணில் எழுத்து வெட்டி, சுட்டு, அச்சுக் கோத்ததும் இதே ஷென் குவோ சொல்லித்தான் நமக்குத் தெரியும். இரும்புத் தட்டில் பைன் பிசினும் மெழுகும் காகிதச் சாம்பலும் பரப்பி, அதன்மேல் எழுத்துகளை அடுக்கிச் சூடு காட்டினால் இளகிப் பிடித்துக்கொள்ளும். அச்சடித்ததும் மறுபடி சூடு காட்டி உதிர்த்துவிடலாம். அடிக்கடி வரும் எழுத்துக்கு இருபதுக்கு மேல் பிரதி வைத்திருந்தார். மரம் ஏன் ஆகாது என்பதற்கும் காரணம் உண்டு. ஈரம் பட்டால் மேடு பள்ளமாகும், பிசினோடு ஒட்டிக்கொண்டு வராது.

காசைத் தொடர்ந்து போங்கள்

கணக்கில் 1000 காசு ஒரு கோவை. நடைமுறையில் அரசே 770-ஐ 1000 என்று வைத்துக்கொண்டது. அளவுகளை அப்படியே நம்பக்கூடாது என்பதற்கு இது நல்ல பாடம். 1080 வாக்கில் ஆண்டுக்கு 50 லட்சம் கோவைக்கு மேல் வார்த்தார்கள். சிச்சுவானில் புழங்கியது இரும்புக் காசு, சுமக்க முடியாத கனம். அதனால்தான் அங்குள்ள செங்டு நகர வணிகர்களிடம், காசுக்குப் பதில் சீட்டைக் கைமாற்றும் முறை பிறந்தது. அரசு அதைக் கையிலெடுத்து 1024-இல் தானே காகிதப் பணம் வெளியிட்டது.

இப்போது சான்யுவானுக்கு வருவோம். லியாவின் அரசத்தாய் ஷியாவ், மகனையும் படையையும் கூட்டிக்கொண்டு தானே தெற்கே இறங்கிவிட்டார். சோங் தரப்பில் பேரரசர் ஜென்ஜோங்கை அமைச்சர் கோவ் ஜுன் ஏறக்குறைய இழுத்துக்கொண்டுதான் போர்முனைக்குப் போனார். பேரம் பேசப் புறப்பட்ட தூதரிடம், வேறு வழியில்லையென்றால் பத்து லட்சம் வரை போகலாம் என்றார் பேரரசர். வெளியே வந்ததும் கோவ் ஜுன் பிடித்துக்கொண்டார்: மூன்று லட்சத்தைத் தாண்டினால் தலை இருக்காது. தூதர் திரும்பியபோது பேரரசர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எவ்வளவு என்று கேட்டுவரப் போன ஆளிடம் தூதர் மூன்று விரலைக் கன்னத்தில் வைத்துக் காட்டினார். முப்பது லட்சம் என்று உள்ளே செய்தி போனது. "அதிகம்தான்" என்று அதிர்ந்தவர், "சரி, முடிந்ததே" என்று தேற்றிக்கொண்டார். உண்மை மூன்று லட்சம் என்று தெரிந்ததும் பிடிபடாத மகிழ்ச்சி.

ஆண்டுக்கு 1,00,000 லியாங் வெள்ளி, 2,00,000 சுருள் பட்டு. ஒரு லியாங் ஏறக்குறைய 40 கிராம் என்றால், வெள்ளி மட்டும் 4 டன். இதை அவமானம் என்று எழுதும் புத்தகங்கள் நிறைய. எனக்கு அப்படித் தோன்றவில்லை. படை நடத்தும் செலவோடு வைத்துப் பார்த்தால் இது சொற்பம் என்று அக்காலத்து ஆட்களே சொன்னார்கள். அந்த வெள்ளியில் ஒரு பங்கு எல்லைச் சந்தை வழியாகத் திரும்பியும் வந்தது. 1042-இல் தொகை கூடியது, ஆனாலும் நூறாண்டுக்கு மேல் அந்த எல்லையில் பெரும்போர் இல்லை. இரு பேரரசர்களும் அண்ணன் தம்பி முறை ஆனார்கள். ஜென்ஜோங் அண்ணன். படையோடு வந்த அந்த அரசத்தாய் அவருக்குச் சித்தி முறை.

நாற்காலியை மாற்றிப் போடுங்கள்

இதுவரை கைஃபெங்கில் உட்கார்ந்து பார்த்தோம். வாரம் ஒரு அண்டை நாட்டில் உட்கார்ந்து பாருங்கள். கித்தான், தாங்குத், ஜுர்சென் மூவருமே தங்களுக்கென்று எழுத்து உருவாக்கிக்கொண்டார்கள். தாங்குத் எழுத்தில் ஏறக்குறைய 6000 குறிகள், பார்வைக்குச் சீனம் போலவே இருக்கும், ஒன்றுகூடச் சீனமில்லை. கொர்யோ மங்கோலியப் படையெடுப்பு நடந்துகொண்டிருந்தபோதே 80,000-க்கு மேற்பட்ட மரப்பலகைகளில் பௌத்த மறைநூல் முழுவதையும் செதுக்கியது. ஹேயின்சா கோயிலில் இன்றும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஜப்பானில் புழங்கிய காசே சோங் காசுதான். பொடித்த தேநீரைக் கடைந்து குடிக்கும் சோங் பழக்கமும் அங்கேதான் மிஞ்சியது.

கடைசியாக, சோழர்

நம்மில் பலர் இதிலிருந்துதான் தொடங்க நினைப்போம். கடைசியில் வையுங்கள், அப்போதுதான் ருசி தெரியும். சோங் வரலாற்று நூலில் "ஜுனியன்" என்று வருவது சோழ நாடு. 1015-இல் வந்த தூதை அனுப்பியவர் பெயர் "லுவோசா லுவோஜா". வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ராஜராஜன். நாட்டை விட்டுப் புறப்பட்டு குவாங்ஜோ துறைமுகம் வர 1150 நாள் ஆனது என்று பதிவு. தூதர் பேரரசர் முன் நின்றபோது, அனுப்பிய மன்னர் உயிரோடு இல்லை. 1033-இல் இராஜேந்திரனின் தூதர், முந்தைய பயணங்களில் கப்பல் உடைந்து வந்துசேர முடியாமல் போனதைச் சொல்லி, அனுமதி கேட்டு, வெள்ளித் தட்டில் முத்தை ஏந்திப்போய் அரியணையின் காலடியில் இறைத்தார்.

இவற்றையெல்லாம் அந்நூல் "திறை" என்றே எழுதும். அடிபணிந்தார்கள் என்று படித்துவிடக் கூடாது. 1077-இல் வந்த தூதுக்குத் திருப்பிக் கொடுத்த பரிசு 81,800 கோவைக் காசும் 52,000 லியாங் வெள்ளியும். திறை என்ற சொல்லுக்குள் வணிகம் ஒளிந்திருக்கிறது. தஞ்சை வட்டாரத்தில் மண்ணுக்கடியில் சீனச் செப்புக் காசுகள் குவியலாகக் கிடைத்திருப்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

சுவான்ஜோவில் ஒரு தமிழ்க் கல்வெட்டு உண்டு, கடைசி வரி மட்டும் சீனம். திருக்கதலீச்சரம் என்ற சிவன் கோயிலில் சம்பந்தப்பெருமாள் என்பவர் இறைவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்கிறது. சக ஆண்டு 1203, சித்திரை. 78-ஐக் கூட்டினால் 1281. செகசை கானின் உடல்நலத்துக்காக என்றும், அவருடைய ஃபர்மான்படி (அரசாணைப்படி) என்றும் பொறித்திருக்கிறது. அந்தக் கான், சோங்கை வீழ்த்திய மங்கோலியப் பேரரசர் குப்லாய். சோங் முடிந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. நீங்கள் வரைந்த தாளின் இரண்டு பக்கத்திலும் அந்தப் பெயருக்கு இடமில்லை, மூன்றாவது படத்துக்கு வேறு தாள் எடுக்க வேண்டும்.